செயலாளர் ஆண்டறிக்கை 2024–25

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, சங்க உறுப்பினர்களே, பெற்றோர்களே, அனைவருக்கும் வணக்கம்.

சந்தா, தணிக்கை எல்லாம் வழக்கம்போல முடிந்தன. கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். நான் முத்தியால்பேட்டையில் ஞாயிறு மாலை நாம் நடத்தும் கதை நேரத்தைப் பற்றிச் சொல்கிறேன்.

போன ஆண்டு வரை பெரியவர் வாசிப்பார், பிள்ளைகள் கேட்பார்கள். மூன்று வயதுப் பிள்ளை எவ்வளவு நேரம் சும்மா உட்காரும்? அதனால் இந்த ஆண்டு திறந்து பார்க்கும், தொட்டுப் பார்க்கும் புத்தகங்களுக்கு மாறினோம். படத்தின் மேல் ஒட்டியிருக்கும் மடிப்புக்கு நம் பிள்ளைகள் வைத்த பெயர் ‘கதவு’. திறப்பதற்கு முன் “உள்ள யாரு?” என்று கேட்டுவிட்டு, வாசிப்பவர் பேசாமல் இருக்க வேண்டும். அதுதான் சிரமம். பிள்ளை யோசிப்பதற்குள் நாமே பதிலைச் சொல்லிவிடுகிறோம். அமெரிக்காவில் வைட்ஹர்ஸ்ட் என்ற உளவியலாளரின் குழுவினர் 1988இல் வெளியிட்ட ஆய்வில், இப்படிக் கேட்டுக் கேட்டு வாசித்த வீட்டுப் பிள்ளைகள் ஒரே மாதத்தில் பேச்சில் மற்றப் பிள்ளைகளை முந்திவிட்டார்கள்.

பிரெஞ்சு தெரிந்த நம் உறுப்பினர் ஒருவர், பேரன் வைத்திருந்த புத்தகத்தைக் கொண்டுவந்தார். எர்வே டுலே என்ற பிரெஞ்சு எழுத்தாளர் 2010இல் பிரான்சில் வெளியிட்டது. கதவு கிடையாது, வெறும் மஞ்சள் புள்ளிதான். அழுத்தச் சொல்கிறது, பக்கத்தைத் திருப்பினால் புள்ளி இரண்டாகியிருக்கும். அவர் பிரெஞ்சைப் பார்த்துத் தமிழில் சொல்லச் சொல்ல, இரண்டு மாதமாக வாயே திறக்காத ஒரு சிறுமி, முறுக்கு தின்ற விரலால் புள்ளியை அழுத்தினாள். அடுத்த பக்கத்தைப் பார்த்ததும், “ஆயா, நான்தான் பண்ணேன்!” என்றாள். அந்த எண்ணெய்க் கறை இன்னும் அந்தப் பக்கத்தில் இருக்கிறது. துடைக்க எனக்கு மனம் வரவில்லை.

நவம்பர் 30 ஃபெஞ்சல் புயலில் கீழ்த்தட்டுப் புத்தகங்கள் ஊறிப்போயின. மேலே எடுத்து வைத்திருக்க வேண்டியது என் பொறுப்பு. அட்டைப் புத்தகங்கள் உப்பிப் பிரிந்துவிட்டன, காயவைத்தும் தேறவில்லை.

அப்புறம் நாமே செய்யத் தொடங்கினோம். பிரதம் புக்ஸ் என்ற குழந்தைகள் பதிப்பகத்தின் ஸ்டோரிவீவர் இணையதளத்தில் தமிழ்க் கதைகளை இலவசமாக இறக்கலாம். அச்சிட்டுக்கொள்ளவும் மாற்றிக்கொள்ளவும் அனுமதி உண்டு. அச்சிட்ட தாளைத் தினசரிக் காலண்டர் அட்டையில் ஒட்டி, படத்துக்குப் படம் கதவு வைத்தோம். கதவின் கீல் துணிப் பட்டையாக இருந்தால் நிற்கிறது. செலோடேப் இரண்டு வாரம்கூடத் தாங்குவதில்லை. பழைய காலண்டர் அட்டைகளைத் தந்த வீடுகளுக்கு நன்றி.

புத்தகங்களைப் பீரோவில் பூட்டி வைக்கலாம் என்று செயற்குழுவில் ஒரு யோசனை வந்தது. எனக்கு அதில் உடன்பாடில்லை. கதவு கிழிகிறது என்றால் பிள்ளை திறந்து பார்க்கிறது என்றுதான் பொருள். பெற்றோர் திட்ட வேண்டாம். கிழிந்த துண்டைத் தூக்கிப் போடாமல் கொண்டுவாருங்கள், ஒட்டிவிடலாம். பசைக்கும் துணிக்கும் வரும் ஆண்டில் தனியாக ஒரு தொகை ஒதுக்கக் கோருகிறேன்.

அறிக்கையை ஏற்றுக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்