சாங்கோலாவின் எம்.எல்.ஏ.

ஆசிரியருக்கு வணக்கம்.

எம்.எல்.ஏ.க்கள் கட்சி தாவும் செய்திகளைப் படிக்கும்போதெல்லாம் மகாராஷ்டிரத்தின் கண்பத்ராவ் தேஷ்முக் நினைவுக்கு வருவார். சோலாப்பூர் மாவட்டத்தில் மழை ஏய்க்கும் தொகுதியான சாங்கோலாவில் 1962-இல் முதன்முதலாக வென்றவர், 2014-க்குள் 11 முறை ஜெயித்துவிட்டார். கடைசியாக வென்றபோது வயது 85-ஐத் தாண்டியிருந்தது. எண்ணிக்கையில் கலைஞர் 13 வெற்றிகளோடு முந்துகிறார். ஆனால் அவர் பல தொகுதிகளில் நின்றவர்.

எனக்கு வியப்பு வெற்றிக் கணக்கில் இல்லை. தேஷ்முக் இருந்தது விவசாயிகள் தொழிலாளர்கள் கட்சி. சட்டமன்றத்தில் விரல்விட்டு எண்ணும் இடங்கள்தான். 1978-லும் 1999-லும் அமைச்சரானார், சரி. மற்றபடி பெரும்பாலும் எதிர்வரிசைதான். பாசன நீருக்கும் விவசாயிக்கும் அங்கிருந்தே பேசினார். 1972-லும் 1995-லும் தோற்றார். அப்போதும் கட்சி மாறவில்லை, வேறு தொகுதியும் தேடவில்லை. இன்று ஒரு தடவை சீட் கிடைக்காவிட்டாலே சிலர் மறுநாள் வேறு துண்டு போட்டுக்கொள்கிறார்கள்!

2021 ஜூலையில் அவர் மறைந்தார். முதல்வர்களைப் பற்றியே பக்கம் பக்கமாக எழுதுகிறோம். இப்படிப்பட்ட உறுப்பினர்கள் சபையில் என்ன கேட்டார்கள், தொகுதிக்கு என்ன வாங்கித் தந்தார்கள் என்று ஒரு தொடர் வெளியிடுங்களேன்.

– வாசகர், திருச்சி