சேற்றை அள்ளிப் பார்த்தீர்களா?

அன்புள்ள மல்லிகா,

உன் கடிதம் வந்து வெகு நாளாகிறது. திட்ட வேண்டியதைத் திட்டிக்கொள். இங்கே எல்லோரும் சௌக்கியம், பெரியவனுக்கு வேலை கிடைத்துவிட்டது. அம்மாவின் முழங்கால் எப்படி இருக்கிறது?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் ஊர் ஏரியைத் தூர் வாரி, சாக்கடையைத் திருப்பிவிட்டு, தரை தெரிகிற அளவுக்குத் தண்ணீர் தெளிந்துவிட்டதாக எழுதியிருந்தாய். படித்ததும் அவ்வளவு சந்தோஷம். ஆனால் அன்றிலிருந்து ஒரு கேள்வி மண்டையைக் குடைகிறது. சேற்றை யாராவது அள்ளிப் பார்த்தீர்களா?

அமெரிக்காவில் நான் இருக்கும் டொலீடோவில் இப்போது மேஃப்ளை என்ற சிறகுப் பூச்சி வருகிற காலம். பக்கத்திலிருக்கும் ஈரி ஏரியிலிருந்து கிளம்பும் கூட்டம் வானிலை ரேடாரில் மழை மேகம்போலத் தெரியும். பக்கத்து வீட்டுக்காரர் வாசலில் குவிந்ததைக் கூட்டித் தள்ளியபடியே சபிக்கிறார். எனக்குக் கோபம் கோபமாக வருகிறது. இந்தப் பூச்சி ஒன்றிரண்டு வருடம் ஏரியின் அடிச்சேற்றில் வளை தோண்டி, செவுள்களை அசைத்துத் தண்ணீரை உள்ளே இழுத்துக்கொண்டு வாழ்கிறது. மேலே வந்த பிறகு ஒரு நாளோ இரண்டு நாளோதான், சாப்பிட வாய்கூடக் கிடையாது. அது வந்திருக்கிறதென்றால் அத்தனை காலமும் அடியில் ஆக்சிஜன் இருந்திருக்கிறது என்று பொருள். நாம் ஒரு குப்பியில் எடுக்கும் தண்ணீர் அந்த ஒரு நேரத்து நிலைமையைத்தான் சொல்லும்.

1953 செப்டம்பரில் ஈரியின் மேற்குப் பகுதியில் காற்று அடங்கிப்போனது. அதிக ஆழமில்லாத இடம் அது, காற்றடித்தால் மேல்தண்ணீரும் அடித்தண்ணீரும் கலந்துவிடும். அந்த முறை கலக்கவில்லை. கழிவுநீரின் பாஸ்பரஸைத் தின்று கொழுத்த பாசி அடியில் மக்கி, இருந்த ஆக்சிஜனையெல்லாம் குடித்துவிட்டது. சேற்றுக்குள் இருந்த மேஃப்ளை குஞ்சுகள் கூட்டம் கூட்டமாகச் செத்தன. பிறகு அடியில் மிஞ்சியது பெரும்பாலும் செம்புழுவும் (கொசு மாதிரி ஒரு பூச்சியின் குஞ்சு) டியூபிஃபெக்ஸ் என்ற மெல்லிய புழுவும்தான். ஆமாம்டி, ஹாஸ்டல் மீன் தொட்டிக்குச் சாந்தி வாங்கி வருவாளே, நீ கட்டில்மேல் ஏறி நின்று கத்துவாயே, அதே டியூபிஃபெக்ஸ்! ஆக்சிஜன் குறைந்த சாக்கடைச் சேற்றிலும் அவற்றுக்குப் பிழைக்கத் தெரியும்.

1972இல் அமெரிக்காவும் கனடாவும் ஒப்பந்தம் போட்டு பாஸ்பரஸைக் குறைக்க ஆரம்பித்தன. 80களிலேயே அளவு நன்றாகக் குறைந்துவிட்டது. மேஃப்ளை கணிசமாகத் திரும்பியது 90களின் தொடக்கத்தில்தான். தண்ணீர் திருந்தியும் சேறு திருந்த அவ்வளவு காலம் பிடித்திருக்கிறது. இதற்கு நடுவே, 80களின் கடைசியில், கப்பல்களோடு வெளியிலிருந்து வந்த வரிச்சிப்பிகள் (zebra mussel) தண்ணீரை வடிகட்டித் தெளிய வைத்துவிட்டன. அதனால்தான் தெளிவு என்றதும் எனக்குச் சந்தேகம் வருகிறது.

கதை அதோடு முடியவும் இல்லை. ஈரியில் வந்து சேரும் மாமீ ஆறு வயல்களின் உரத்தைக் கொண்டுவந்து கொட்டுகிறது. 2014 ஆகஸ்டில் பாசியின் நஞ்சு கலந்து, குழாய்த் தண்ணீரைக் குடிக்காதீர்கள் என்று இந்த ஊருக்கே சொன்னார்கள். 2012க்கும் 2019க்கும் இடையில் மேஃப்ளை கூட்டம் பாதிக்கு மேல் குறைந்துவிட்டதாக ரேடார் பதிவுகளை வைத்து 2020இல் ஓர் ஆய்வு வந்தது. இந்த வருடம் ஒரு கூட்டம் வந்ததும் என் மனசு எப்படிக் குளிர்ந்தது தெரியுமா? இவர்களானால் விளக்குமாற்றோடு நிற்கிறார்கள்.

உங்கள் ஏரியில் இதே பூச்சியைத் தேட வேண்டாம், அங்கே இருப்பவை வேறு. மழை தொடங்குவதற்குள் நாலைந்து இடத்தில் சேறு அள்ளி, அரை மில்லிமீட்டர் கண்ணுள்ள சல்லடையில் அலசு. தட்டான் குஞ்சு, நத்தை, மட்டி, மேஃப்ளை குஞ்சு என்று பலதும் கிடைத்தால் நல்ல சகுனம். செம்புழு நல்ல சேற்றிலும் இருக்கும், அதைப் பார்த்ததுமே பயப்படாதே. அதுவும் டியூபிஃபெக்ஸும் தவிர வேறொன்றும் இல்லை என்றால், எங்கிருந்தோ கழிவு இன்னும் வருகிறது, அல்லது பழைய கழிவு அடியிலேயே கிடக்கிறது. அப்புறம், தூர் வாரியபோது நல்லதும் சேர்ந்து போயிருக்கும், எனவே ஒரு தடவை பார்த்துவிட்டு முடிவு கட்டாதே. அடுத்த வருடமும் அதே இடங்களில் அள்ளுங்கள்.

கருணா சாரைக் கூப்பிட்டால் ஓடி வருவார், இனம் பிரித்துச் சொல்ல அவரைவிட ஆள் கிடையாது. ஏரி சுத்தமானதற்கு விழா எடுக்கும் முன்னாலேயே இதைச் செய். என்ன கிடைத்தாலும் ஒளிக்காமல் எனக்கு எழுது.

அன்புடன்,
வசந்தி