தோற்போம் என்று தெரிந்தும் தொடுக்கப்படும் போர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தம்மைவிடப் பன்மடங்கு வலிய நாடுகளோடு மோதிய நாடுகளைப் பற்றித் தங்கள் நாளிதழில் அண்மையில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். 'தற்கொலை முயற்சி', 'தலைவர்களின் பித்து' என்ற சொற்கள் அதில் திரும்பத் திரும்ப வருகின்றன. நான் பல ஆண்டுகள் வரலாறு கற்பித்தவன். தோற்போம் என்று தெரிந்தும் ஏன் போருக்குப் போனார்கள் என்று மாணவர்கள் கேட்காத ஆண்டே இல்லை. பித்து என்று சொல்லி அந்தக் கேள்வியை நான் தட்டிக்கழித்ததில்லை. அந்த விடை தவறு என்பது மட்டுமல்ல, அடுத்த போரைத் தடுக்க நினைப்பவர்களின் கண்ணையும் அது கட்டிவிடுகிறது.

அமெரிக்கக் கடற்படைத் தளமான பேர்ல் ஹார்பரை 1941 டிசம்பரில் தாக்கிய ஜப்பான், எதிரியின் பலம் தெரியாமல் தாக்கியதாகவே பலரும் எண்ணுகிறார்கள். 1941ஆம் ஆண்டின் கோடையில், அரசு அமைத்திருந்த முழுப்போர் ஆய்வு நிறுவனத்தில், முப்பது வயதைக் கடந்த இளம் அதிகாரிகளும் படைத்துறையினரும் ஒரு மாதிரி அமைச்சரவையாக அமர்ந்து, எஃகு, எண்ணெய், சரக்குக் கப்பல் என்று ஒவ்வொன்றாகக் கணக்குப் போட்டுப் பார்த்தார்கள். தொடக்கத்தில் வெற்றி கிட்டும், பிறகு போர் நீளும், கப்பல்கள் மூழ்கி மூலப்பொருள் வரத்து அற்றுப்போகும், கடைசியில் சோவியத் ஒன்றியமும் எதிரணியில் சேரும், ஜப்பான் தோற்கும் என்பது அவர்கள் கண்ட முடிவு. ஆகஸ்டு இறுதியில் பிரதமரின் இல்லத்தில் அதை எடுத்துரைத்தபோது, அன்று போர் அமைச்சராக இருந்த டோஜோ, இது மேசையில் போட்ட கணக்கு, போர் இப்படிக் கணக்குப்படி நடப்பதில்லை, 1904இல் ரஷ்யாவோடு மோதியபோதும் வெல்வோம் என்று நினைத்துத் தொடங்கவில்லை என்ற பொருள்படப் பேசினார். நான்கு மாதங்களுக்குள் போர் தொடங்கிவிட்டது.

ஆகவே வலிமைக் கணக்கு அவர்கள் கையிலேயே இருந்தது. முடிவை உந்தியது வேறொரு கணக்கு. ஜப்பானுக்குத் தேவையான எண்ணெயில் ஏறத்தாழ 80 விழுக்காடு அமெரிக்காவிலிருந்து வந்துகொண்டிருந்தது. இன்றைய வியட்நாம், கம்போடியா அடங்கிய இந்தோசீனாவின் தென்பகுதிக்குள் ஜப்பானியப் படைகள் நுழைந்ததும், 1941 ஜூலை இறுதியில் ஜப்பானின் சொத்துகளை அமெரிக்கா முடக்க, எண்ணெய் வரத்து நின்றுபோனது. கையிருப்பு இரண்டு ஆண்டுகளுக்குத் தாங்கினால் அதிகம். செப்டம்பர் தொடக்கத்தில் பேரரசர் ஹிரோஹிட்டோவின் முன்னிலையில், கடற்படைத் தலைவர் நாகானோ ஓசாமி நாட்டை ஒரு நோயாளிக்கு ஒப்பிட்டார். அறுவை செய்யாமல் விட்டால் அவன் நாளுக்கு நாள் நலிந்துபோவான். செய்தால் ஆபத்து மிகுதி, ஆனாலும் பிழைக்க ஒரு வழி இருக்கிறது என்றார். அதற்குப் பிறகு அந்த அவையில் 'வெல்வோமா' என்ற கேள்வி பின்னால் போய், 'இன்னும் இரண்டு ஆண்டு பொறுத்தால் போரிடவாவது நம்மிடம் எண்ணெய் மிஞ்சுமா' என்ற கேள்வி முன்னால் வந்துவிட்டது.

அந்த நோய் ஜப்பான் தானே வரவழைத்துக்கொண்டது என்பதை நான் மறைக்கவில்லை. 1937 முதல் சீனாவில் அது செய்த கொடுமைகளுக்கு மன்னிப்பே கிடையாது. சீனாவிலிருந்து வெளியேறு என்ற அமெரிக்காவின் கோரிக்கையில் அநியாயம் எதுவும் இல்லை. ஆனால் குற்றம் யாருடையது என்பது ஒரு கேள்வி, குற்றம் செய்தவன் பணியாமல் ஏன் பாய்ந்தான் என்பது இன்னொரு கேள்வி. தங்கள் கட்டுரையாளர் முதல் கேள்விக்கு விடை சொல்லிவிட்டு இரண்டாவதையும் முடித்துவிட்டதாக எண்ணிக்கொள்கிறார். வலுக்குறைந்த நாட்டின் தலைவர்கள் தராசின் ஒரு தட்டில் போரை வைக்கும்போது, மறுதட்டில் வைப்பது போரிடாமல் இருந்தால் தங்களுக்கு வாய்க்கப்போகும் நாளையை. அது இன்றைக்கு இருப்பதைவிட மோசமாகத் தெரிந்தால், தலைக்கு மேல் வெள்ளம் போன பிறகு சாண் என்ன முழம் என்ன என்ற மனநிலைக்கு ஒரு நாடே வந்துவிடும்.

கேட்டதைக் கொடுத்துத் தப்பிக்கலாமே என்று கட்டுரை கேட்கிறது. கொடுத்த பிறகு மேலும் கேட்க மாட்டேன் என்ற வலியவரின் வாக்கை நம்ப முடிந்தால் பெரும்பாலோர் கொடுத்துவிடுவார்கள். இடத்தைக் கொடுத்தால் மடத்தைப் பிடுங்குவார்களோ என்ற அச்சம்தான் கையைத் தடுக்கிறது. 1939 அக்டோபரில் ஏறத்தாழ 37 லட்சம் மக்களே இருந்த பின்லாந்திடம், 17 கோடி மக்களைக் கொண்ட சோவியத் ஒன்றியம் கரேலியப் பூசந்தியில் எல்லையைப் பின்னுக்குத் தள்ளவும், ஹாங்கோ துறைமுகத்தை 30 ஆண்டுகளுக்குக் குத்தகைக்குத் தரவும் கேட்டது. ஈடாக வடக்கே கூடுதல் நிலம் தருவதாகவும் சொன்னது. பரப்பளவை மட்டும் பார்த்தால் பின்லாந்துக்கு ஆதாயம். ஆனால் அதன் தற்காப்பு அரண்கள் இருந்தது அந்தப் பூசந்தியில்தான். அதைக் கொடுத்தபின் அடுத்த கோரிக்கை வந்தால் மறுப்பதற்கு எதுவும் மிச்சமிருக்காது. தளபதி மன்னர்ஹெய்மே ஓரளவு விட்டுக்கொடுக்கலாம் என்றார், அரசு இணங்கவில்லை. நவம்பர் 30 அன்று சோவியத் படைகள் எல்லையைத் தாண்டின. 105 நாள் போருக்குப் பிறகு, முதலில் கேட்கப்பட்டதைவிட அதிகமான நிலத்தை, நாட்டில் பத்தில் ஒரு பங்கு அளவுக்கு, பின்லாந்து இழந்தது. இருந்தாலும் நாடாகப் பிழைத்தது. அதே இலையுதிர் காலத்தில் சோவியத் தளங்களுக்கு இடம் கொடுத்த எஸ்டோனியாவும் லாட்வியாவும் லிதுவேனியாவும் 1940 ஆகஸ்டுக்குள் தனிநாடுகளாகவே இல்லாமல் போயின. இதைப் படித்தபிறகும் பின்லாந்தின் மறுப்பைப் பித்து என்று சொல்ல எனக்கு நா எழவில்லை.

எகிப்தின் கதை வேறு. 1967 போரில் சினாய் தீபகற்பத்தை இஸ்ரேலிடம் இழந்த எகிப்து, அதைப் படைபலத்தால் முழுவதுமாக மீட்க இயலாது என்பதை நன்கு அறிந்திருந்தது. 1971 பிப்ரவரியில் அதிபர் அன்வர் சதாத், இஸ்ரேலியப் படைகள் ஓரளவு பின்வாங்கினால் சூயஸ் கால்வாயைத் திறப்பதாகச் சொன்ன யோசனை பலிக்கவில்லை. போரும் இல்லை, அமைதியும் இல்லை என்ற அந்த நிலை நீடிப்பது இஸ்ரேலுக்கு வசதி, எகிப்துக்கோ தேய்மானம். 1973 அக்டோபர் 6 அன்று பிற்பகல் 2 மணிக்கு, சூரியன் தங்கள் முதுகுக்குப் பின்னால் சாயத் தொடங்கும் வேளையில், எகிப்திய வீரர்கள் ரப்பர் படகுகளில் கால்வாயைக் கடந்தார்கள். எதிர்க்கரையில் மலைபோல் எழுப்பப்பட்டிருந்த மணல் அரணை வெடிவைத்துத் தகர்க்க நெடுநேரம் ஆகும் என்பதால், உயர் அழுத்த நீர்க்குழாய்களைக் கொண்டு கால்வாய்த் தண்ணீரையே பீய்ச்சி மணலைக் கரைத்து, சில மணி நேரத்தில் டாங்கிகளுக்கு வழி திறந்தார்கள். தங்கள் விமான எதிர்ப்பு ஏவுகணைகளின் குடைக்குள், கால்வாயை ஒட்டிய சில கிலோமீட்டர் அளவுக்கு நின்றவரை அவர்களை அசைக்க முடியவில்லை. அக்டோபர் 14 அன்று குடையை விட்டு வெளியே முன்னேறியதும், கரையேறிய முதலையைப் போல் ஆகி, ஒரே நாளில் 200க்கும் மேற்பட்ட டாங்கிகளை இழந்தார்கள். களத்தில் போர் அவர்களுக்குச் சாதகமாக முடியவில்லை. அவர்களுடைய மூன்றாம் படையே சுற்றிவளைக்கப்பட்டது. ஆனால் சதாத்துக்குத் தேவைப்பட்டது உறைந்து கிடந்த பேச்சுவார்த்தையை உடைப்பது. 1974 ஜனவரியில் படைவிலக்க உடன்பாடு, 1979இல் அமைதி ஒப்பந்தம், 1982 ஏப்ரலில் தாபா என்ற சிறு பகுதி நீங்கலாகச் சினாய் முழுவதும் என்று அந்தக் கணக்கு நேரானது. இரு தரப்பிலும் ஆயிரக்கணக்கான உயிர்கள் போன பிறகே அது நேரானது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

எல்லாப் போருக்கும் இந்த விளக்கம் பொருந்தாது. 1982இல் பிரிட்டன் வசமிருந்த பால்க்லாந்து தீவுகளில் இறங்கிய அர்ஜென்டினாவை யாரும் நெருக்கவில்லை. மார்ச் 30 அன்று தலைநகரில் தன்னை எதிர்த்துத் திரண்ட மக்களைத் தடியால் அடித்த இராணுவ ஆட்சி, மூன்று நாள் கழித்து அதே மக்களின் கைதட்டலை வாங்கப் போரைத் தேடிக்கொண்டது. பிரிட்டன் அத்தனை தொலைவு கப்பல் அனுப்பாது என்றும் நம்பியது. 649 அர்ஜென்டினர்களும் 255 பிரிட்டிஷ் படையினரும் அதற்காக மடிந்தார்கள். என்னால் மன்னிக்க முடியாத வகை இதுதான். மூன்றாவது வகை, துணைக்கு ஒருவர் வருவார் என்ற நம்பிக்கையில் நிமிர்வது. கி.மு. 416இல் வலிய கிரேக்க நகர அரசான ஏதென்சுக்குப் பணிய மறுத்த மெலோஸ் தீவு, ஏதென்சின் எதிரியான ஸ்பார்ட்டா வரும் என்று காத்திருந்தது. ஸ்பார்ட்டா வரவில்லை, ஆண்கள் கொல்லப்பட்டார்கள், பெண்களும் குழந்தைகளும் அடிமைகளாக விற்கப்பட்டார்கள்.

இத்தகைய போர்களில் முடிவெடுத்தவர்களும் மடிந்தவர்களும் பெரும்பாலும் வேறுவேறு மனிதர்கள். பின்லாந்து இழந்த நிலத்திலிருந்து 4 லட்சத்துக்கும் மேற்பட்டோர் கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு வெளியேறினார்கள். பேச்சுவார்த்தை மேசையில் என்ன கேட்கப்பட்டது, என்ன மறுக்கப்பட்டது என்பது அவர்களில் எத்தனை பேருக்குத் தெரிந்திருக்கும்? ஆகவே ஆசிரியர் அவர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. சிறிய நாடு ஒன்று பெரிய நாட்டோடு மோதும் நிலை இனி எங்கே உருவானாலும், இரு தரப்பின் டாங்கிகளையும் விமானங்களையும் ஒப்பிட்டுத் தாங்கள் வெளியிடும் அட்டவணைக்குப் பக்கத்திலேயே, அந்தச் சிறிய நாட்டின் முன் வைக்கப்பட்ட நிபந்தனைகள் என்ன, அவற்றை ஏற்றால் அடுத்த ஆண்டு அதன் நிலை என்னவாகும் என்பதையும் அச்சிடுங்கள்.

தங்கள் உண்மையுள்ள,
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர்