துப்பாக்கிக் கட்டைக்கு எந்தப் பெயின்ட்?

ஆசிரியருக்கு,

நான் கோவையில் 27 ஆண்டுகளாகக் கார்களுக்குப் பெயின்ட் அடிக்கிறவன். துப்பாக்கி சுடும் பிள்ளைகளைப் பற்றி உங்கள் விளையாட்டுப் பக்கத்தில் வருவதை விடாமல் படிக்கிறேன். அவர்களின் பெற்றோருக்கு ஒரு வார்த்தை.

போன மாதம் ஓர் அப்பா, மகளுடைய ரைபிளின் கட்டையை (தோளில் அணைத்துக் கன்னம் வைக்கும் பகுதி) மட்டும் கழற்றிக் கொண்டுவந்தார். ஃபைபர் கிளாஸ் கட்டை. யாரோ ஸ்பிரே டப்பா எனாமல் அடித்துக் கொடுத்திருக்கிறார்கள். கன்னம் படும் இடம் வியர்வையில் பிசுபிசுத்து, நகத்தால் கீறினால் தோலாக உரிந்தது. குழல் துடைக்கும் கரைசல் சிந்திய இடம் சுருங்கிப் போயிருந்தது. அந்தப் பெண் அதில்தான் தினமும் கன்னத்தை வைத்துக் குறிபார்க்கிறாள்!

ஹார்டனர் என்ற இறுக்கும் திரவத்தைக் கலந்து அடிக்கும் டூகே (இரண்டு பாகப்) பாலியூரித்தேன் பெயின்ட்தான் இதற்குச் சரி. நன்றாக இறுகிவிட்டால் எண்ணெய், வியர்வை எதுவும் அதை எளிதில் அசைக்காது. ஆனால் பெயின்ட்டைவிட அடிவேலைதான் முக்கியம். கட்டையை வார்த்த அச்சிலிருந்து ஒட்டிவந்த மெழுகுப் பிசுக்கை மெழுகு நீக்கும் கரைசலால் துடைத்தெடுத்து, 400 நம்பர் வாட்டர் பேப்பர் போட்டுத் தேய்த்து, பெயின்ட் பிடிப்பதற்கான எபாக்ஸி பிரைமரை முதலில் அடிக்க வேண்டும். அடுப்பில் சூடேற்றும் செராமிக் பூச்சு இரும்புக்கு அருமை. கட்டை அந்தச் சூட்டில் வளைந்துவிடலாம்; காற்றில் காயும் வகையைக் கேளுங்கள்.

அப்புறம், அந்த ஹார்டனரில் நுரையீரலைக் கெடுக்கும் ஐசோசயனேட் என்ற ரசாயனம் இருக்கிறது. மூக்கில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு மொட்டை மாடியில் அடிக்காதீர்கள். என்னோடு வேலை பார்த்த பையனுக்கு இன்றைக்கும் மூச்சிளைப்பு.

ஒரு வாசகர்,
கோயம்புத்தூர்