நீல விரல் அக்காவுக்கு நன்றி

வியட்நாமின் சா பாவில் இரண்டே நாள்தான் தங்கினோம். சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கும் மலையூர். 3,000 மீட்டரைத் தாண்டிய ஃபான்சிபான் சிகரத்தைப் பார்க்கப் போன எங்களுக்குக் கிடைத்தது மூடுபனி மட்டும்தான். சரி, சும்மா இருப்பானேன் என்று தா வான் கிராமத்துப் பக்கம் இறங்கி நடந்தோம். முந்தின இரவு மழை. அடுக்கு வயல் வரப்பில் அம்மா வழுக்கி உட்கார்ந்துவிட்டார். கணுக்கால் பிசகிவிட்டது.

எங்கிருந்தோ ஹ்மாங் என்ற மலைவாழ் இனத்து அக்கா ஒருவர் வந்தார். முதுகில் கூடை, காலில் ரப்பர் பூட்ஸ். அம்மாவின் கையை இறுகப் பிடித்து, வழுக்கும் இடங்களில் தன் காலையே அணையாக வைத்து, சாலை வரைக்கும் கூட்டி வந்தார். விரல்களெல்லாம் நகக்கண் வரை நீலம்; துணிக்கு ஏற்றும் அவுரிச் சாயம். அம்மாவுக்குத் தமிழை விட்டால் வேறு பாஷை கிடையாது. ஆனாலும் வழி முழுக்க இருவரும் பேசிக்கொண்டேதான் வந்தார்கள்!

பணம் நீட்டினேன், வாங்கவில்லை. கூடையிலிருந்த துணிப்பை ஒன்றைக் காட்டினார். அதற்குப் போய்ப் பேரம் பேசினேன். நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

பெயர் கேட்க மறந்துவிட்டோம். அக்கா, அம்மா இப்போது நன்றாக நடக்கிறார். வெற்றிலை பாக்கெல்லாம் உங்கள் பையில்தான். ரொம்ப நன்றி.