கின்வென் ஜெங் பத்தி நாலு வரி போதாது சார்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நம்ம ஸ்போர்ட்ஸ் பேஜ்ல பெண்கள் டென்னிஸ்னா ஒரு சின்ன கட்டம் கட்டி ஸ்கோரை மட்டும் போட்டு முடிச்சிடறாங்க, பெரிய பேர் யாராச்சும் தோத்தா 'அதிர்ச்சி தோல்வி'னு தலைப்பு, ஜெயிச்ச பொண்ணு யாரு எங்கேருந்து வந்தாங்கன்னு ஒண்ணுமே இருக்காது. சீனாவோட கின்வென் ஜெங் விஷயத்துல இது எனக்கு ரொம்ப உறுத்துது, அதான் எழுதறேன்.

2022 பிரெஞ்ச் ஓபன் நாலாவது ரவுண்டு. ஜெங்குக்கு வயசு 19, ரேங்க் 74, எதிர்ல அப்போ உலக நம்பர் ஒன்னா இருந்த போலந்தோட இகா ஸ்வியாடெக். முதல் செட்ல, இன்னொரு பாயின்ட் விட்டா செட்டே போயிடும்ங்கற செட் பாயின்ட்டுங்களை ஒண்ணு மேல ஒண்ணா காப்பாத்தி, 6-6 ஆனதும் ஆடற டைபிரேக்ல ஜெங் அந்த செட்டை எடுத்துட்டாங்க, அந்த டோர்னமென்ட் முழுக்க ஸ்வியாடெக் விட்ட ஒரே செட் அதுதான். அப்புறம் 6-0, 6-2னு மேட்ச் ஸ்வியாடெக் பக்கம் போயிடுச்சு. காரணம் பீரியட்ஸ் வலி. முதல் நாள் வலி எப்பவும் தாங்க முடியாதுன்னும், கோர்ட்ல ஆம்பளையா இருந்திருக்கலாமேன்னு தோணுதுன்னும் பிரஸ் முன்னாடியே ஓப்பனா சொன்னாங்க. எத்தனை வீட்ல இதை அப்பாகிட்ட கூட சொல்லாம பொண்ணுங்க பிராக்டிஸுக்கு லீவு போடறாங்க, 19 வயசு பொண்ணு உலகம் பூரா கேக்கற மாதிரி சொன்னது சாதாரண விஷயமா?

ஜெங், ஹூபெய் மாகாணத்து ஷியான்ல (Shiyan) பிறந்து, சின்ன வயசுலயே வூஹானுக்கு போய் டென்னிஸ் கத்துக்கிட்டவங்க. 2011ல சீன வீராங்கனை லி நா பிரெஞ்ச் ஓபன் ஜெயிச்சதை பாத்துதான் நம்மளாலயும் முடியும்னு நம்பிக்கை வந்துச்சாம். அப்புறம் பெய்ஜிங், அங்கேருந்து பார்சிலோனா. 2023ல யு.எஸ். ஓபன் காலிறுதி வரைக்கும் கூட இருந்த கோச் விம் ஃபிசெட், அது முடிஞ்ச கையோட தன்னோட பழைய பிளேயர், ஜப்பானோட நவோமி ஒசாகாகிட்ட திரும்பிட்டார், ஆனா இவங்க அடுத்த சில வாரத்துலயே ஏசியன் கேம்ஸ் தங்கம் வாங்கிட்டாங்க. 2024 ஜனவரில ஆஸ்திரேலியன் ஓபன் ஃபைனல், பெலாரஸ் வீராங்கனை சபலென்காகிட்ட தோல்வி. ஜூலைல விம்பிள்டன்ல முதல் ரவுண்டே அவுட்.

அதே மாசக் கடைசில ஆரம்பிச்ச பாரிஸ் ஒலிம்பிக்ஸ்தான் முழுசா எழுத வேண்டிய கதை. அமெரிக்காவோட எம்மா நவரோகூட, இன்னொரு பாயின்ட் விட்டா தோல்விங்கற மேட்ச் பாயின்ட் வரைக்கும் போய் மீண்டு வந்தாங்க. ஜெர்மனியோட கெர்பர்கூட மூணு மணி நேரத்துக்கு மேல, மூணாவது செட் டைபிரேக்ல முடிஞ்சுது, கெர்பரோட கடைசி மேட்ச் அது. மறுநாளே செமி, மறுபடி ஸ்வியாடெக், பிரெஞ்ச் ஓபன் நடக்கற அதே ரோலண்ட் கரோஸ் களிமண் கோர்ட். அந்த கோர்ட்ல ஸ்வியாடெக் தொடர்ந்து 25 மேட்ச் ஜெயிச்சிருந்தாங்க, ஜெங் அதுவரைக்கும் அவங்களை ஒரு தடவை கூட ஜெயிச்சதில்ல. முதல் செட் 6-2, ரெண்டாவதுல 0-4னு பின்னாடி, பாத்துட்டு இருந்த எல்லாருமே மூணாவது செட்டுக்கு ரெடியாகிட்டோம், அங்கேருந்து கேம் கேமா எடுத்து 7-5னு முடிச்சாங்க பாருங்க! ஃபைனல்ல குரோஷியாவோட டோனா வெகிச்சை 6-2, 6-3ல ஜெயிச்சதும் அப்படியே களிமண்ல மல்லாக்க விழுந்துட்டாங்க. ஒலிம்பிக்ஸ் டென்னிஸ் ஒற்றையர்ல ஆசியாவுக்கு கிடைச்ச முதல் தங்கம் சார் அது. சீனான்னா நமக்கு ஆயிரம் மனஸ்தாபம் இருக்கலாம், அதுக்கும் இந்த பொண்ணோட ஆட்டத்துக்கும் என்ன சம்பந்தம்?

2025 ஜூன்ல ரேங்க் 4, அடுத்த மாசமே வலது முழங்கைல ஆபரேஷன். செப்டம்பர் கடைசில பெய்ஜிங்ல திரும்பி வந்து மூணாவது ரவுண்டுல பாதில நிறுத்த வேண்டியதாச்சு. இந்த மாதிரி நேரத்துலதான் ஒரு பிளேயரை பத்தி எழுதணும், இவ்ளோ வேகமா சர்வ் போடறவங்களுக்கு முழங்கை போனா என்ன ஆகும், சீசன் எவ்ளோ நீளம், நடுவுல ரெஸ்ட் கிடைக்குதா இல்லையான்னு ஒரு டாக்டர்கிட்டயும் ஒரு கோச்கிட்டயும் கேட்டு போடுங்க. அரைப் பக்கம் கொடுங்க, பீரியட்ஸ் பத்தின பகுதியை மட்டும் தயவுசெஞ்சு வெட்டிடாதீங்க.

இப்படிக்கு,
உங்க பத்திரிகையை தினமும் கடைசி பக்கத்துலேருந்து படிக்கற ஒரு வாசகி