வெள்ளைக் கட்டிடம் தோலுரித்த கதை

ரொறன்ரோ
ஞாயிறு மாலை

அன்புள்ள பாலா,

உன் கடிதம் வந்து மூன்று கிழமை ஆகிவிட்டது. பதில் பிந்தியதற்கு முழங்கால்தான் காரணம். முழங்காலுக்கும் எழுதுகிற கைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பாய். வலி இருந்தால் மனம் ஒன்றிலும் நிற்காது, அவ்வளவுதான். மற்றபடி எல்லோரும் சுகம். சின்னவளுக்கு வேலை கிடைத்துவிட்டது. மனிசி இந்த வருடமும் கத்தரி நட்டிருக்கிறாள். அணில் விட்டால் உண்டு.

உங்கள் பிளாட்டுக்கு இரண்டு வருடமாகச் சாரம் கட்டி, வெள்ளைப் பிளாஸ்டிக்கால் சுற்றி வைத்திருக்கிறார்கள், மத்தியானச் சாப்பாட்டுக்கும் லைட் போடுகிறோம் என்று எழுதியிருந்தாய். கட்டிடம் சாரத்தோடு நிற்கிறது என்று வாசித்ததும் நாங்கள் இடுப்பில் கட்டுகிற சாரம்தான் கண்ணில் வந்தது, சிரிப்பு வந்துவிட்டது. கோடு போட்ட சாரமா, பெட்டி போட்டதா? சரி, சிரிக்கிற விஷயம் இல்லைத்தான். கிரென்ஃபெல் கோபுரத் தீ உங்கள் லண்டனில் நடந்ததல்லவா. எழுபதுகளில் கட்டிய 24 மாடிக் கொங்கிரீட் கட்டிடம். 2016இல் வெளிச்சுவருக்கு மேல் தகடு மாட்டி, அதற்குப் புதுச் சட்டை போட்டு முடித்தார்கள். அடுத்த வருடம் ஜூன் 14ஆம் திகதி அந்தச் சட்டையே பற்றி எரிந்து 72 பேர் போனார்கள். இரண்டு அலுமினியத் தகட்டுக்கு நடுவில் பொலிஎதிலீன் என்ற எரியும் பிளாஸ்டிக்கை வைத்தால் வேறென்ன நடக்கும்? அதனால் பிளாஸ்டிக்குக்குள் இருட்டாக இருக்கிறது என்று முணுமுணுத்தாலும், கழற்றுகிறவர்களைக் கழற்ற விடு.

"சுவர் என்றால் சுவர்தானே, அதை எப்படிக் கழற்றி வேறு மாட்டலாம்?" என்று கேட்டிருந்தாய். உன் அப்பா மேசன், அதுதான் இந்தக் கேள்வி வருகிறது. அவர் கட்டிய சுவரின் தலையில் கூரை இருந்தது. சுவரை எடுத்தால் வீடு விழும். இந்த உயரக் கட்டிடங்களில் பாரம் முழுவதும் உள்ளே இருக்கிற தூண்களில். வெளியே தெரிவதை ஒவ்வொரு மாடியிலும் கொழுவித் தொங்கவிட்டிருக்கிறார்கள். திரைச்சுவர் என்றே அதற்குப் பெயர். திரை பழுதானால் மாற்றலாம்தானே.

இங்கே அப்படி மாற்றிய ஒன்றை நான் கிட்ட நின்று பார்த்தேன். கிங் தெருவும் பே தெருவும் சந்திக்கும் இடத்தில், மொன்றியல் வங்கியின் 72 மாடிக் கட்டிடம், ஃபர்ஸ்ட் கனேடியன் பிளேஸ். நான் வந்த புதிதில் இரவில் துப்புரவு வேலை செய்தேன் என்று சொன்னேனே, அது இதற்குள்தான். அந்தச் சந்தியைச் சுற்றி வங்கிகள் நிறம் பிரித்துக்கொண்டது போல நிற்கும். ஒன்று கறுப்பு, ஒன்று சிவப்புக் கருங்கல், கொஞ்சம் தள்ளி ஒன்று தங்கம். கதைக்குச் சொல்லவில்லை, ரோயல் வங்கியின் கண்ணாடிகளில் 2,500 அவுன்ஸ் அசல் தங்கம் பூசியிருக்கிறது. எங்கள் கணக்கில் கிட்டத்தட்டப் பத்தாயிரம் பவுன்! மனிசியிடம் சொன்னபோது ஒரு நிமிடம் பேச்சில்லை. எங்கள் கட்டிடம் வெள்ளை. இத்தாலியின் கராறா மாபிள், 1975இல் உச்சி வரை ஒட்டியது, ஏறக்குறைய 45,000 பலகை. பனிக்காலத்து விடியலில் வேலை முடிந்து வெளியே வந்து அண்ணாந்தால் வானம் எங்கே முடிகிறது, கட்டிடம் எங்கே தொடங்குகிறது என்று தெரியாது.

2007 மே மாதம் 54ஆம் மாடியிலிருந்து ஒரு பலகை கழன்று விழுந்தது. கீழே ஒரு கூரையில் விழுந்ததால் ஆருக்கும் ஒன்றுமில்லை. சுற்றியிருந்த தெருக்களை மூடினார்கள். அந்த நேரம் நான் வேறு வேலைக்குப் போய் எத்தனையோ வருடம், இருந்தும் செய்தியில் பார்த்தபோது நெஞ்சு ஒருமுறை இடித்தது. எத்தனை விடியலில் அதன் காலடியில் நின்று கோப்பி குடித்திருப்பேன்!

மைக்கலாஞ்சலோ செதுக்கிய அதே மலைக் கல் ஏன் விழுகிறது என்று பிறகு தேடி வாசித்தேன். பாலா, குற்றம் கல்லில் இல்லை, மெல்லிசாக அறுத்ததில். மாபிளுக்குள் இருக்கும் கல்சைற்று என்ற கனிம மணிகள் சூடானால் ஒரு பக்கம் விரியும், மறுபக்கம் சுருங்கும். ஒவ்வொரு மணியும் ஒவ்வொரு திசை பார்த்துக் கிடப்பதால் ஒன்றையொன்று நெட்டித் தள்ளும். குளிர்ந்தால் பழைய இடத்துக்கு வராது. கனமான கல் இதைத் தாங்கும். மூன்று நான்கு சென்டிமீட்டரில் பலகையாக அறுத்து, கோடையில் வறுத்து, குளிரில் உறையவிட்டால் தட்டம் மாதிரி வளைந்துவிடும், பலமும் போய்விடும். சிக்காகோவில் இதற்கு ஒரு அண்ணன் உண்டு, இரண்டிலும் எட்வர்ட் டுரெல் ஸ்டோன் என்ற ஒரே கட்டிடக்கலைஞர்தான் கைவைத்தார். 83 மாடி, 43,000 மாபிள் பலகை. ஆரம்பத்திலேயே ஒன்று கழன்று பக்கத்துக் கட்டிடத்தின் கூரையைத் துளைத்தது. கடைசியில் 1990 தொடங்கி இரண்டு வருடத்தில் அத்தனையையும் கழற்றி வெள்ளைக் கருங்கல் போட்டார்கள். செலவு 8 கோடி டொலருக்கு மேல். பின்லாந்துக்காரர் இன்னும் மோசம். ஹெல்சிங்கி பின்லாந்தியா மண்டபத்தில் வளைந்த கராறா மாபிளைக் கழற்றிவிட்டு, தொண்ணூறுகளின் கடைசியில் திரும்பவும் கராறா மாபிளையே ஒட்டினார்கள். அது திரும்பவும் வளைந்தது. சொந்தத்துக்குள்ளேயே இரண்டாம் கல்யாணம் செய்கிற மாதிரி.

ரொறன்ரோவில் கல்லே வேண்டாம் என்று முடிவெடுத்தார்கள். 2009இலிருந்து சுமார் மூன்று வருடம், மேலிருந்து கீழாக மாபிளை உரித்துக்கொண்டு வந்து அந்த இடத்தில் வெள்ளைக் கண்ணாடி. உள்ளே ஆட்கள் பாட்டுக்கு வேலை செய்துகொண்டிருக்க, வெளியே மேடை தொங்கும். பல அடுக்குகளை ஒட்டிச் செய்த கண்ணாடி அது. உடைந்தாலும் துண்டுகள் நடுவில் இருக்கும் படலத்தோடு ஒட்டிக்கொண்டு நிற்கும், தலையில் கொட்டாது. கண்ணாடியில் பீங்கான் பூச்சு மாதிரி ஒன்றைச் சுட்டு வெள்ளையாக்கியிருக்கிறார்கள்.

எனக்கு அது முதலில் பிடிக்கவில்லை. உண்மையைச் சொல்கிறேன். மாபிள் காலம் போகப் போக மங்கும், மழைக்கு ஒரு நிறம், பனிக்கு ஒரு நிறம் காட்டும். கண்ணாடி எப்போதும் குளித்துவிட்டு வந்த பிள்ளை மாதிரி நிற்கிறது. ஆனால் இங்கே வேறு வழி இருந்ததாக நான் நினைக்கவில்லை. அந்தக் கல் ஒருநாளும் சுவராக இருந்ததில்லையே, சுவர் வேஷம் போட்டுக்கொண்டு தொங்கியது. எனக்குக் கோபம் வருவது வேறிடத்தில். உண்மையான செங்கல்லும் கல்லும் கனமாக வைத்துக் கட்டிய பழைய கட்டிடத்தை, ஒரு குறையும் இல்லாமல் நிற்கும்போதே, வாடகை கூட்டலாம் என்பதற்காக நீலக் கண்ணாடிக்குள் போட்டு மூடுகிறார்கள் பார், அங்கேதான். ஊரில் கோயில் கருங்கல் தூணுக்குக் குளியலறை டைல் ஒட்டுவார்களே, அதே புத்தி.

கண்ணாடியே கதியில்லாமல் போன கட்டிடமும் உண்டு. நியூயோர்க்கில் லீவர் ஹவுஸ் என்று 1952இல் கட்டியது, கண்ணாடிக் கோபுரங்களுக்கு முன்னோடி. தண்ணீர் உள்ளே போய் இரும்புச் சட்டம் துருப்பிடித்து வீங்க, கண்ணாடிகள் வெடித்தன. மாற்றிய துண்டுகள் ஒரு நிறமாக இல்லை. 2001 வாக்கில் திரை முழுவதையும் மாற்றினார்கள். ஆனால் பாதுகாக்கப்பட்ட கட்டிடம் என்பதால் அதே பச்சை நீலம், அதே கோடு. பார்த்தவனுக்கு மாற்றியதே தெரியாது.

போன மாதம் பேத்தியைக் கூட்டிக்கொண்டு அந்தச் சந்திக்குப் போனேன். தாத்தா இதற்குள் வேலை செய்தவர் என்றேன். "இவ்வளவு கண்ணாடியையும் நீங்களா துடைத்தீர்கள்?" என்று கேட்டாள். நான் இருந்தபோது கல் என்று சொன்னேன். நம்பவில்லை.

உன் பிளாட்டின் சாரத்தை அவிழ்த்ததும் கீழே நின்று ஒரு படம் எடுத்து அனுப்பு. உள்ளே என்ன உடுத்தியிருக்கிறது என்று பார்ப்போம்.

அன்புடன்,
சிவா